பச்சைச் சறுக்கின் மூன்றாம் வளைவு

பொங்கலுக்கு முன்னால் பச்சைச் சறுக்கை அறுத்து எடுத்துவிடப் போவதாக முதலாளி விஜயராஜ் சொன்னபோது, தேவயானி அதன் படிக்கட்டில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“எதுக்குங்க?”

“எதுக்குன்னா? புது சறுக்கு ரெண்டு வருதில்ல. அதுக்குப் படிக்கட்டு எறக்கணும். இதோட காலு நிக்கிற எடத்துலதான் எறங்குதுன்னு எஞ்சினியர் சொல்றாரு. இது சொம்மாத்தான நிக்குது.”

“சொம்மா நிக்கலீங்க. நீங்க பூட்டி வெச்சிருக்கீங்க.”

விஜயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒடுகத்தூரில் வேர்க்கடலை எண்ணெய் மில் நடத்துகிறவர் அவர். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்குச் சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் நிலம் வாங்கி இந்தத் தண்ணீர்ப் பூங்காவைக் கட்டினார். சிவப்பும் மஞ்சளும் ஆண்களுக்கு. குட்டையான நீலம் பிள்ளைகளுக்கு. பச்சை பெண்களுக்கு மட்டும். அதைச் சுற்றித் தகரத் தடுப்பு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் கோபுரத்தின் தலை மட்டும்தான் தெரியும். வாணியம்பாடியிலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் மலைமேல் ஊர்களிலிருந்தும் வேன் பிடித்து வந்த மகளிர் குழுக்கள் எல்லாம் அந்தத் தடுப்பை நம்பித்தான் வந்தன.

சறுக்கின் உச்சியில் நின்று ஒவ்வொருத்தியையும் உட்கார வைத்து, முன்னால் போனவள் குளத்தை விட்டு வெளியேறி, கீழே கொடி ஆடியதும் அடுத்தவளை அனுப்புவது தேவயானியின் வேலை. பூங்கா திறந்த நாளிலிருந்து அவள்தான். போன கோடையில், மூன்றாவது வளைவுக்குள் ஒரு பெண் நகராமல் நின்றுவிட்டாள். அந்த வளைவு மேலே இருப்பவளுக்கும் தெரியாது, கீழே இருப்பவளுக்கும் தெரியாது. கீழேயிருந்து யாரோ கொடியை ஆட்ட, தேவயானி அடுத்தவளை அனுப்பினாள். இடித்ததில் நின்றவளுக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டது. அன்றே பச்சைக்குப் பூட்டு விழுந்தது. அதன் பிறகு வந்த பெண்கள், புருஷன்மாரின் செல்போனையும் வாட்சையும் மடியில் வைத்துக்கொண்டு குளத்தோரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். தேவயானிக்குக் கூட்டும் வேலை.

“புதுசுல பொம்பளைங்களுக்கு ஒன்னு உண்டுங்களா?” என்று கேட்டாள்.

“ரெண்டும் எல்லாருக்குந்தான். கலந்து போவாங்க.”

“நம்ம பக்கத்துப் பொம்பளைங்க போவ மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்.”

“போவலன்னா வேடிக்கை பார்க்கட்டும்மா. மறுக்கா ஒருத்தி எலும்ப ஒடச்சிக்கினா கோர்ட்டுல நிக்கிறது நானு.”

தேவயானி எழுந்து நின்றாள். “ஏன் நின்னுச்சுன்னு யாரும் இதுவரிக்கும் பாக்கலீங்க. பூட்டிட்டோம், அவ்ளோதான். நான் பாக்கறேன். சரி பண்ணி ஓட வெச்சிக் காட்டினா உட்டுடுவீங்களா?”

“கான்கிரீட் போடற வரிக்கும் பாரு. அதுக்கு மேல என்னைக் கேக்காத.” விஜயராஜ் இரண்டு படி இறங்கித் திரும்பினார். “காட்டுறதுன்னா ஒரு தடவ காட்டுறதில்ல. பொங்கக் கூட்டத்துல தாங்கணும்.”

புதுச் சறுக்குகளை நிறுத்த வேலூர் கம்பெனியிலிருந்து வந்த சூப்பர்வைசர் பார்த்திபன். ஃபைபர் துண்டுகள் லாரி லாரியாக வந்து, வைக்கோல் சுற்றிய பெரிய தொட்டிகளைப் போல வேப்பமரத்தடியில் அடுக்கிக் கிடந்தன. பார்த்திபன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்துத் தேவயானி போய் நின்றாள்.

“சார், பச்சைய ஒரு தரம் பாத்து சொல்லணும்.”

“அக்கா, அதை அறுக்கச் சொல்லித்தான் எனக்கு ஆர்டர். அறுக்கிற ஆளு கூட வந்துட்டாரு. அதோ, கட்டிங் மிஷினப் பக்கத்துல வெச்சிக்கினு தூங்கறாரு பாருங்க.”

“அறுக்கறது இன்னா, எப்ப வேணா அறுக்கலாம். அது உங்க பட்டறையில ஊத்துனதுன்னு பில்லுல போட்டிருந்துச்சாமே?”

பார்த்திபன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். “எங்களுதா?”

“உங்களுதுதான். உங்க சறுக்குல ஆளு நின்னுபோச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு.”

அது பட்டுவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்தான். தண்ணீரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, கீழிருந்து மேலாகச் சறுக்கினுள் தவழ்ந்து ஏறினான். ஒவ்வோர் இணைப்பிலும் உள்ளங்கையைப் பரப்பித் தடவிப் பார்த்தான். மேல்துண்டின் விளிம்பு கீழ்த்துண்டை விட மயிரிழை உயர்ந்திருக்கலாம், தாழ்ந்திருக்கக் கூடாது என்றான். தாழ்ந்திருந்தால் சறுக்கி வருகிறவர் முதுகு அங்கே இடிக்கும். எந்த இணைப்பிலும் கை தடுக்கவில்லை.

“இணைப்பு நல்லா இருக்குக்கா.”

“அப்ப தண்ணிதான். தண்ணி பத்தல. எனக்கு அப்பவே சந்தேகம். மோட்டார் வால்வைக் கொறச்சி வெச்சிட்டானுங்க.”

அதில் அவளுக்கு முழு நம்பிக்கை இருந்தது. மறுநாள் வால்வை முழுக்கத் திறந்துவிட்டார்கள். குளம் சுத்தம் செய்யும் முத்தம்மா, மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் பிறந்தவள், நைட்டியோடு உச்சியில் உட்கார்ந்தாள். மார்கழிக் காலைத் தண்ணீர் பட்டதும் பல்லைக் கடித்தாள்.

“ஏண்டி தேவயானி, சாவடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்ட. வெயிலு வந்தப்பறம் சாவடிக்கக் கூடாதா?”

“போக்கா. கைய மார்மேல கட்டிக்க.”

முத்தம்மா போனாள். முதல் வளைவு, இரண்டாம் வளைவு கடந்த சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. பிறகு வளைவுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“நின்னுட்டேன்.”

“தள்ளிக்கினு வாக்கா.”

“இன்னாத்த தள்றது. நைட்டிக்குள்ள தண்ணி பூந்து மூட்ட மாதிரி கெடக்கறேன். ஆளு அனுப்பிடாதடி எம் மேல.”

கீழே வந்து சேர்ந்தபோது முத்தம்மா உட்கார்ந்தபடி கைகளால் துடுப்புப் போட்டு வந்தாள். பார்த்திபன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனே ஒரு முறை சறுக்கிப் பார்த்தான். அரைக்கால் சட்டையோடு போனவன் நிற்காமல் குளத்தில் வந்து விழுந்தான். அறுக்க வந்தவரும் எழுந்து வந்து ஒரு முறை போனார். அவரும் நிற்கவில்லை.

“பொம்பளைங்கதான் நிக்கறாங்க” என்றான் பார்த்திபன்.

“அத மொதலாளி கிட்ட சொல்லிடாதீங்க சார்” என்றாள் தேவயானி. “அவருக்கு அது ஒன்னு போதும்.”

சறுக்கை ஒரு நாள் முழுதும் காய விட்டார்கள். அது பார்த்திபனின் யோசனை. ஈரத்தில் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும், காய்ந்தால்தான் உடம்பு தெரியும் என்றான். காலை வெயில் மலைக்கு மேலே வந்து, வளைவுக்குள் சாய்வாக விழும் நேரத்தில் இருவரும் உள்ளே போனார்கள். முத்தம்மா வெளியே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

வளைவின் வெளிப்புறச் சுவரில், உட்கார்ந்து வருகிறவரின் இடது தோள் உரசும் உயரத்தில், கையகலப் பட்டையாகப் பச்சை மங்கிப் போயிருந்தது. அருகில் போனால் ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய கீறல்கள். இரும்பு நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது.

பார்த்திபன் நகத்தால் சுரண்டினான். “மேல்பூச்சே போய்டுச்சு. இது இன்னாக்கா, யாரோ ஆணியெடுத்துக் கீறின மாதிரி. இவ்ளோ கீறலுக்கு ஒருத்தர் ரெண்டு பேர் பத்தாது. இந்தச் சொரசொரப்புல ஈரத்துணி அப்படியே ஒட்டிக்கும். சட்டையில்லாத ஒடம்புக்கு ஒன்னும் தெரியாது.”

“எல்லாருக்கும் இடது பக்கமே எப்படி?”

“வளைவு வலப்பக்கம் திரும்புது. ஆளு இடது பக்கம் ஏறித்தான் வருவாங்க.”

தேவயானி தன் இடது தோளைத் தொட்டாள். முந்தானை மடிப்பைச் சேர்த்துக் குத்திய ஊக்கு கையில் இடித்தது. வெளியே வந்து, குளத்தின் தண்ணீர் வெளியேறும் வாயில் இருந்த சல்லடைக் கூடையைத் தூக்கினாள். இலைச் சருகுக்கும் தலைமுடிக்கும் அடியில் துருப்பிடித்த ஊக்குகள், ஒரு கைப்பிடிக்கு மேல்.

முத்தம்மா எட்டிப் பார்த்தாள். “அடேங்கப்பா. ஒரு கடையே வெக்கலாம்.”

“எல்லாம் நான் குடுத்ததுக்கா.”

பூங்கா திறந்த புதிதில் ஒரு பெண்ணின் தாலி சறுக்கில் அறுந்து குளத்துக்குள் போய்விட்டது. தண்ணீரை வடித்து எடுப்பதற்குள் அவள் அழுத அழுகையில் கூட வந்த கூட்டமே சறுக்காமல் திரும்பிப் போனது. அன்றிலிருந்து தேவயானி உச்சியில் ஊக்குச் சரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். தாலிச் சரடை ரவிக்கையோடு சேர்த்து ஒன்று, முந்தானைக்கு ஒன்று, சுடிதார்ப் பெண்ணாக இருந்தால் துப்பட்டாவுக்கு இரண்டு. வருகிற ஒவ்வொருத்தியையும் நிறுத்தி அவளே குத்தி அனுப்பினாள். குழுப் பெண்கள் இதற்காகவே அவளை மெச்சினார்கள். ஆண்கள் பக்கத்தில் வாசலிலேயே உலோகம் எதுவும் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தது. பச்சையில் அந்தப் பலகையைக் கழற்றச் சொன்னதும் அவள்தான். தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று பெண்கள் படித்துவிட்டுத் திரும்பினால் என்ன செய்வது.

பார்த்திபன் ஊக்கு ஒன்றை எடுத்து நிமிர்த்திப் பார்த்தான். “பூச்சு நான் போட்டுத் தர்றேன்க்கா. தேய்ச்சு, பூசி, காய வெச்சு, பாலீஷ் போட்டா புதுசு மாதிரி ஆய்டும். அது என் வேலை. ஆனா மறுபடி ஊக்கோட வந்தாங்கன்னா பொங்கலுக்குள்ளயே இதே கதிதான்.”

“ஊக்கு இருக்காது சார்.”

“தாலி?”

“அதுவும் போவாது. நீங்க பூசுங்க.”

எப்படி என்று அவளுக்கு அப்போது தெரியாது. ஆனால் அவன் வேலையைத் தொடங்கினால்தான் அறுக்கிறவர் தூங்குவார்.

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வசந்தியின் தையல் கடை. பூங்காவில் ஆண்களுக்கு வாடகைக்கு விடும் நைலான் உடுப்புகளைத் தைப்பவள் அவள்தான். தேவயானி சொல்லி, கழுத்து முதல் முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் நைலான் உடுப்பு ஒன்றைப் பெண்கள் அளவில் தைத்துக் கொடுத்தாள். தாலி உள்ளே அடங்கும், ஊக்கு வேண்டாம், தண்ணீரும் புகாது. கணக்கு எல்லாம் சரியாக இருந்தது. போட்டுப் பார்க்கப் பூங்காவின் உடை மாற்றும் அறைக்குள் போன முத்தம்மாதான் வெளியே வரவில்லை.

“இன்னாக்கா ஆச்சு?”

“கதவத் தெறக்காத.”

“நான்தான். வேற யாருமில்ல.”

“நீ இருக்கறது பத்தாதா? தோல உரிச்ச கிழங்கு மாதிரி இருக்கறேன். இத போட்டுக்கினு படி ஏறச் சொல்றியா? என் மருமவ பாத்தா ஊர் பூரா சொல்லுவா.”

“தடுப்பு இருக்குதில்ல.”

“தடுப்பு ஆம்பளைக்குடி. பொம்பளைக்குத் தடுப்பு ஏது?”

வசந்தி வாயில் வைத்திருந்த நூலைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். “தேவயானிக்கா, நீங்க போட்டுப்பீங்களா இத?”

தேவயானி யோசித்துப் பார்த்தாள். போட்டுக்கொள்ள மாட்டாள்.

முத்தம்மா தன் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது புலம்பிக்கொண்டே வந்தாள். “சேல மேல போடற மாதிரி எதுனா இருந்தா ஒருத்தி கூட வாணான்னு சொல்ல மாட்டா. நூறு நாள் வேலைக்கு, களை எடுக்க, புளி உலுக்க, எதுக்குப் போனாலும் வூட்டுக்காரன் சட்டையத்தான் மேல மாட்டிக்கினு போறோம். அதுல எவளுக்கு வெக்கம்? கையி காலு கீறாம இருந்தாச் சரி.”

தேவயானி வசந்தியைப் பார்த்தாள். வசந்தி ஏற்கெனவே அளவு நாடாவை முத்தம்மாவின் தோளில் வைத்திருந்தாள்.

“முழுக்கை சட்டை” என்றாள் தேவயானி. “இந்த நைலான் துணியிலயே. முட்டி வரிக்கும் தொங்கணும். பட்டன் வாணாம், ஜிப் வாணாம்.”

“நாடா வெக்கறேன்க்கா. கழுத்துல ஒன்னு, இடுப்புல ஒன்னு. முடிச்சு முன்பக்கம் வர்ற மாதிரி. முதுகுல ஒன்னும் உறுத்தாது.”

“தாலி?”

“கழுத்து மூடிட்டா தாலி எங்கக்கா போவும்? சட்டைக்குள்ளதான கெடக்கும்.”

“அறுந்தாக் கூட இடுப்பு முடிச்சுல நிக்கும்” என்றாள் முத்தம்மா. “மடியில கட்டுன மாதிரி.”

சட்டை தைத்து வருவதற்குள் பார்த்திபன் தன் வேலையை முடித்துக்கொண்டு வந்தான். முகத்தில் துணி கட்டி, மங்கிய பட்டையை ஈர உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். பச்சைப் பூச்சு பழைய நிறத்தோடு ஒத்துப் போகவில்லை. இரண்டு முறை கலந்து கொட்டிவிட்டு மூன்றாவது கலவையைத்தான் பூசினான். மார்கழிப் பனியில் பூச்சு சீக்கிரம் இறுகவில்லை. வளைவுக்குக் கீழே ஹாலஜன் விளக்குகளை வைத்துச் சூடு காட்டினான். நடுவில் விஜயராஜ் வந்து பார்த்தார். “அறுக்கறதுக்கு முன்னாடி பெயிண்ட் அடிக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு, கான்கிரீட் கலவை வண்டிக்கு நாள் சொல்லிவிட்டதையும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் தேவயானி போனாள். இத்தனை வருடம் உச்சியில் நின்றவள், ஒரு முறையும் உட்கார்ந்ததில்லை. சேலைக் கொசுவத்தை நடவு வயலுக்குப் போவது போலத் தூக்கிச் செருகி, மேலே சட்டையைப் போட்டு நாடாவை முடிந்தாள். மெட்டி விரலுக்கு மேலே நிற்கிறது, சறுக்கில் படுவது குதிகால்தான் என்பதைக் காலை நீட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். கண்ணை மூடவில்லை. மூன்றாம் வளைவில் உடம்பு இடது சுவரில் ஏறியது, தோள் உரசியது, உரசிய இடம் எண்ணெய் தேய்த்த கல் மாதிரி வழுக்கியது. குளத்தில் விழுந்து எழுந்து, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டே மறுபடி படி ஏறினாள். அடுத்து முத்தம்மா. அடுத்து வசந்தி, சுடிதாரின் மேல் சட்டை போட்டு. பிறகு மூவரும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். யாரும் நிற்கவில்லை. கடைசியில் பார்த்திபன் கீழிருந்து தவழ்ந்து போய் வளைவைத் தடவிப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை.

“நம்ம ஆளுங்க போறது கணக்குல வராது” என்றார் விஜயராஜ், விஷயத்தைக் கேட்டுவிட்டு. “நீ சொன்னா சட்ட போடுவா, நீ சொன்னா ஊக்கக் கழட்டுவா. காசு குடுத்து வர்றவ கேப்பாளா? காணும் பொங்கலன்னிக்கு வரிசைல நிக்கறவ ஒவ்வொருத்தியையும் நீ தடவிப் பாத்துக்கினே இருப்பியா?”

“இருப்பேங்க.”

“தெரிஞ்சவ வருவா. கட்சிக்காரன் பொண்டாட்டி வருவா. ‘எனக்குச் சட்ட வாணாம், நான் இப்டியே போறேன்’னுவா. அப்ப இன்னா பண்ணுவ?”

“திருப்பி அனுப்புவேன்.”

“அனுப்புவ” என்றார் அவர். நம்பாத குரல் அது. “எங்க மில்லுக்கு வேர்க்கடல குடுக்கற மலைக் குழு ஒன்னு வெள்ளிக்கெழம வருது. வூட்டுல ராணிதான் கூட்டிக்கினு வர்றா. அவங்க போவட்டும். ஒன்னு நின்னாலும் சனிக்கெழம அறுத்துடுவேன்.”

வெள்ளிக்கிழமை மலை வேன் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. இறங்கிய பெண்கள் தண்ணீரைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் வசந்தி சட்டைகளை நீட்டியதும் அவர்களுக்குள் சிரிப்பு கிளம்பியது.

“இன்னாம்மா, இங்கயும் களையெடுக்கணுமா?”

“மேஸ்திரி எங்க? கையெழுத்து போடணுமில்ல.”

அவரவர் ஊக்கைக் கழற்றி, தடுப்பு வாசலில் வசந்தி வைத்த சொம்பில் போட்டார்கள். போட மறந்தவர்களை உச்சியில் தேவயானி பிடித்தாள். ஒவ்வொருத்திக்கும் தோள், கழுத்து, இடுப்பு என்று கையால் தடவிப் பார்த்து, நாடா முடிச்சை இழுத்துப் பார்த்து, பிறகுதான் உட்கார வைத்தாள். கீழே கொடிக்கு முத்தம்மா. முதலில் போனவள் குளத்தில் விழுந்ததும் மேலே நின்ற வரிசை ஓவென்று கத்தியது. இரண்டாமவள் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே போனாள். நிற்கவில்லை. போனவர்கள் ஈரத்தோடு மறுபடி ஏறி வரிசையின் கடைசியில் நின்றார்கள். விஜயராஜ் தடுப்புக்கு வெளியே, கோபுர உச்சி தெரியும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பார்த்திபன். கொஞ்சம் தள்ளி, அறுக்கிறவர் வயரைச் சுருள் பிரித்து வைத்திருந்தார்.

அப்போதுதான் ராணியம்மாள் படி ஏறி வந்தார். முதலாளியின் மனைவி. பூங்கா கட்டி இத்தனை காலத்தில் அவர் எந்தச் சறுக்கிலும் போனதில்லை. மலைப் பெண்கள் பிடிவாதமாக இழுத்து ஏற்றிவிட்டிருந்தார்கள். சட்டை போட்டிருந்தார். ஆனால் கழுத்து நாடா கட்டாமல் தொங்கியது. தேவயானி தோளைத் தொட்டாள். முந்தானையில் ஊக்கு, அதற்குக் கீழே இன்னொன்று, கழுத்துப் பின்புறம் கல் பதித்த அலங்கார ஊக்கு ஒன்று.

“அம்மா, ஊக்கு இருக்குது. கழட்டிடுங்க.”

“பரவால்ல உடு. பட்டுச் சேலை. கழட்டினா கலைஞ்சிடும். ஒரு தரந்தான போறேன்.”

“ஒரு தரம்னாலும் ஊக்கோட முடியாதுங்கம்மா.”

“நான் யாருன்னு தெரியுமில்ல?”

“தெரியும்மா. வணக்கம். கீழ போய் வசந்தி கிட்ட கழட்டிட்டு வாங்க.”

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராணியம்மாள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தார். அவருக்கு மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. “இத்தினி படி ஏறி வந்திருக்கறேன். மறுபடி எறங்கச் சொல்றியா?”

“நீங்க ஒரு தரம் எறங்கினாப் போதும்மா. கீறல் வுழுந்துச்சின்னா இவங்க யாரும் இனி ஏற முடியாது.”

“என் வூட்டுக்காரர் கீழதான் இருக்காரு.”

“பாத்தேன்.”

ராணியம்மாள் கீழே எட்டிப் பார்த்தார். “ஏங்க” என்று அங்கிருந்தே கூப்பிட்டார். “இவ என்னை எறங்கச் சொல்றா.”

விஜயராஜ் எழுந்து நின்றது மேலிருந்து தெரிந்தது. என்ன சொன்னார் என்பது தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. தேவயானி அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. ராணியம்மாளுக்கும் சறுக்கின் வாய்க்கும் நடுவில் காலை அகட்டி நின்றுகொண்டாள். பின்னால் நின்றவளைப் பார்த்து, “நீ வா, உக்காரு” என்றாள். அவள் தோளைத் தடவி, முடிச்சை இழுத்துப் பார்த்து, முத்தம்மாவின் கொடியைப் பார்த்து அனுப்பினாள். அடுத்தவளையும் அனுப்பினாள்.

ராணியம்மாள் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் ஏதோ சொல்லிக்கொண்டே இறங்கினார். வேலை போயிற்று என்று தேவயானிக்குத் தோன்றியது. தோன்றினாலும் கை நிற்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது. அடுத்தவளின் இடுப்பு முடிச்சு தளர்ந்திருந்தது. அதை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.

கீழே விஜயராஜ் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். மனைவி அவரைக் கடந்து வசந்தியிடம் போய் நின்று தோளைக் காட்டியதைப் பார்த்தார். மறுபடி உச்சியைப் பார்த்தார்.

“பார்த்திபன்” என்றார். “அந்தப் படிக்கட்ட வேப்பமரத்துப் பக்கமா எறக்கினா இன்னா கெடும்?”

“கொஞ்சம் வளைச்சிக் கொண்டு வரணும் சார். எறக்கலாம்.”

“எறக்கு. கான்கிரீட் வண்டிக்காரனுக்கு எடத்த மாத்திச் சொல்லிடு.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எம் பொண்டாட்டியவே எறக்கிட்டா. கட்சிக்காரன் பொண்டாட்டிலாம் எந்த மூலைக்கு.”

இதெல்லாம் மேலே கேட்கவில்லை. தேவயானி கண்டது இவ்வளவுதான்: படி வளைவில் ராணியம்மாளின் தலை மறுபடி தெரிந்தது. கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். பட்டுச் சேலை கலைந்து சட்டைக்கு அடியில் சுருண்டிருந்தது. கழுத்து நாடா இரட்டை முடிச்சாக இருந்தது. மூச்சிரைக்க, முறைத்துக்கொண்டே வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் இருந்தவர்கள் வழிவிட்டபோது, “வாணாம், நீங்க போங்க” என்றார்.

அவர் முறை வந்தது.

“எல்லாம் கழட்டிட்டேன்” என்றார்.

“சரிங்கம்மா. கையத் தூக்குங்க” என்றாள் தேவயானி.

தோளில் தொடங்கினாள். கழுத்து. பின்கழுத்து. இடுப்பு. முடிச்சை இழுத்துப் பார்த்தாள். கீழே கொடி இன்னும் எழவில்லை. எழும் வரை அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

“உக்காருங்க” என்றாள். “கைய மார்மேல கட்டிக்கங்க. கண்ண மூடாதீங்க.”